சங்கரன்கோவிலில் ஒரு ஃபலாஃபெல்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு ராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். சங்கரன்கோவில் அங்கிருந்து முப்பத்து மூன்று கிலோமீட்டர். கட்டணம் இருபத்தெட்டு ரூபாய். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி ஐந்தாம் நாள் என்பதால் உட்கார இடம் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் சூரத்திலிருந்து பொதுப்பெட்டியில் நின்றும் குந்தியும் வந்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் நிற்பதில் புதிதாக ஒன்றுமில்லை.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் நடத்துநர் குரல் கொடுத்தார்.

"வண்டி ஊருக்குள்ள போவாது. தபசு முடியுத மட்டும் சுத்துப்பாதைதான். கோயிலுக்குப் போறவங்க எறங்கி நடக்கணும்."

"எம்புட்டு தூரம் நடக்கணும்?" என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி.

"நடந்தாத்தான்மா வேண்டுதல். உக்காந்துட்டே வந்தா அம்மன் கணக்குல சேத்துக்க மாட்டா."

"நான் எங்கய்யா உக்காந்தேன்?" என்றாள் அவள். பேருந்தே சிரித்தது.

நான் கோயிலுக்குப் போகவில்லை. கோமதிநாயகத்தைப் பார்க்கப் போனேன். திருவேங்கடத்தில் ஒன்பதாம் வகுப்புவரை என்னோடு படித்தவன். நான் அதோடு நிறுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினேன். அவன் பத்தை முடித்துவிட்டு, சின்ன யானை என்று எல்லோரும் சொல்லும் சரக்கு வண்டி ஒன்றை ஓட்டுகிறான். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியுமுன் பூ ஏற்றி வந்து சங்கரன்கோவில் பூச்சந்தையில் இறக்குவது தொழில். இருபது வருஷமாக அதேதான்.

போன வாரம் சூரத்தில் இருந்தபோது கூப்பிட்டான். தோகாவுக்கு விசா வந்துவிட்டதாம், டிரைவர் வேலையாம். செவ்வாய்க்கிழமை விமானம். வண்டிக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. வாங்குகிறவர் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாவியை வாங்க வருகிறார்.

"பணத்துக்குன்னா போகவே மாட்டேன் மக்கா. பூ இருக்கு, வண்டி இருக்கு. நாப்பத்து மூணு வயசாச்சு, மதுரைக்கு அங்கிட்டு ஒண்ணும் பாக்கல. நீ சொன்ன ஊரை ஒரு தடவையாவது கண்ணால பாத்துரணும்லா."

நான் சொன்ன ஊர்தான் இப்போது என்னைப் பொதுப்பெட்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

தோகாவில் நான் நான்கு வருஷம் இருந்தேன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. நகரத்துக்கு வெளியே கேம்ப். ஓர் அறையில் எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில். காலை நான்கு மணிக்குக் குளியலறை வரிசை. இரவு குபூஸ் ரொட்டியும் பருப்பும். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு நாயகம் இணையத்தில் கூப்பிடுவான். "என்னலே தின்ன?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் வாய் தவறி, கடற்கரையில் ஃபலாஃபெல் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன். கம்பெனிப் பேருந்தின் ஜன்னலிலிருந்து கடைப்பலகையில் படித்த பெயர் அது. அவன் அதைப் பற்றி அரைமணி நேரம் கேட்டான். அடுத்த வாரம் வேறொரு பலகையைப் படித்து வைத்துக்கொண்டேன். அப்படியே நான்கு வருஷம் போயிற்று.

உண்மையை ஞாயிறு பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நாயகம் இருசக்கர வாகனத்தோடு சாலையோரம் நின்றான். தலை நரைத்திருந்தது, தொப்பை இல்லை.

"ஏலே, உலகம் சுத்துன ஆளு, கைப்பையைக் கூட மாத்தலியே."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் நாயகம்."

"சாப்பிடும்போது சொல்லு. இன்னைக்கு நீதான் எங்களுக்கு எல்லாத்தையும் சொல்லித்தரணும்."

ஏழு மணிக்கு அவனும் அவன் மனைவி பேச்சியம்மாளும் நானும் ஒரு புதுச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். திருவேங்கடம் சாலையில் முன்பு உரக்கடை இருந்த இடம். உள்ளே சுவரெல்லாம் இஸ்தான்புல், பாங்காக், மெக்சிகோ என்று தெருக்களை வரைந்திருந்தார்கள். எண்ணெய் டிரம்மை வெட்டி நாற்காலி செய்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடித்தது. உலகத்துத் தெருச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும் என்று பலகை சொன்னது. ஆனால் கொடியேறிவிட்டால் ஊரில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. கடையும் அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குச் சைவம். பட்டியலில் கோழி இருந்த இடங்களிலெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். மெக்சிகோவில் இரண்டு வரிதான் மிச்சம்.

"நாடு நாடா கோழியத் தவிர ஒண்ணும் திங்க மாட்டாவளோ," என்றாள் பேச்சியம்மாள். ஊர்க் கல்யாணத்துக்கு வருவதுபோலப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். எல்லாவற்றையும் கவனித்துவிட்டுப் பேசுகிறவள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

காய்கறி மோமோ எண்பது ரூபாய், பன்னீர் டாக்கோ நூற்று நாற்பது, ஃபலாஃபெல் ஒரு தட்டு நூற்று இருபது. மூன்றையும் நாயகமே சொன்னான்.

மோமோ முதலில் வந்தது. அதை நான் டெல்லியில் உண்மையாகவே சாப்பிட்டிருக்கிறேன். சட்னி போதாது, அங்கே கண்ணில் தண்ணீர் வரும் என்றேன். அது உண்மை என்பதால் தயக்கமில்லாமல் வந்தது. நாயகம் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். அப்போதே மற்றதையும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் டாக்கோ வந்துவிட்டது. எந்தப் பக்கம் கடிப்பது என்று எனக்குத் தெரியாது. நாயகம் என்னைப் பார்த்துச் செய்யக் காத்திருந்தான். நடுவில் கடித்தேன், பின்பக்கமாக முழுதும் மடியில் கொட்டியது. அவனும் நடுவிலேயே கடித்து மடியில் கொட்டிக்கொண்டான். பேச்சியம்மாள் மட்டும் ஓரத்திலிருந்து தின்றாள். அவளுக்கு ஒன்றும் கொட்டவில்லை.

பிறகு ஃபலாஃபெல் வந்தது. கருத்த பழுப்பில் ஐந்து உருண்டை, பக்கத்தில் வெள்ளைக் குழம்பு. நாயகம் ஒன்றைக் கடித்துவிட்டு மென்றபடியே நிறுத்தினான்.

"ஏலே, இது ஆமவடைல்லா. நீ தேன்ல ஊறுன சீயம் மாதிரின்னு சொன்ன. வாயில போட்டா கரையும்னு சொன்ன."

ஆமாம், சொன்னேன். பலகையில் இருந்த படத்தில் உருண்டைகள் பளபளவென்று இருந்தன. இனிப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான்கு வருஷத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை அந்தத் தேனை வர்ணித்திருப்பேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. "இங்கன போடத் தெரியலடா," என்றேன்.

நாயகம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். கோபமாக இல்லை, உதவி செய்யும் குரலில். "அண்ணாச்சி, இது இப்பிடி இருக்காதாம். நம்ம பிரெண்டு தோகாவுல கடற்கரையிலயே தின்னவன். உங்க மாஸ்டர்ட்ட சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடட்டும்."

நான் வேண்டாம் என்பதற்குள் அவர் போய்விட்டார். மாஸ்டரே வந்தார். கடையநல்லூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"என்ன குறை அண்ணாச்சி?"

"இனிப்பு இல்லியே பாய்," என்றான் நாயகம்.

"இனிப்பா?" அவர் சிரிக்கவில்லை. "கொண்டக்கடலைய ஊறவச்சு, மல்லி, வெங்காயம், ஜீரகம் போட்டு அரைக்கது இது. பதினோரு வருசம் குவைத்துல தெனம் போட்டேன். இனிப்பு உருண்டை வேற. நோம்பு நேரத்துல போடுவாக, அதுக்குப் பேரு லுகைமாத்." என் பக்கம் திரும்பினார். "நீங்க தோகாவுல எங்கன இருந்திய?"

இடத்தைச் சொன்னேன்.

"கேம்பா?"

"ஆமா."

அவர் என்னைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். "கேம்புல இருந்தா கடற்கரைக்கு எங்க போவ முடியும்," என்று மெதுவாகச் சொன்னார், எனக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. "இன்னொரு தட்டு சூடா அனுப்புதேன்." உள்ளே போய்விட்டார்.

பேச்சியம்மாள்தான் தொடங்கினாள்.

"அண்ணே, ரூம்புல எத்தனை பேரு இருந்திய?"

"எட்டுப் பேரு."

"என்ன தின்னிய?"

"குபூஸு, பருப்பு."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமையும் அதான்மா."

"டிரைவருன்னு போறவுகளுக்கு வண்டி குடுப்பாகளா?"

"எங்க ரூம்புக்கு மூணு பேரு டிரைவருன்னு வந்தாங்க. ஒருத்தனுக்குத்தான் வண்டி கெடச்சது. மத்த ரெண்டு பேரையும் கம்பி தூக்க விட்டாங்க."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "என் சோத்துல ருசி இல்லன்னு இவுக சொல்ல ஆரம்பிச்சது உங்க போனுக்குப் பொறவுதான். வெள்ளிக்கிழமை பேசி முடிச்சுட்டு வந்து உக்காந்தா, தட்டை ஒரு பார்வ பாப்பாக. நாலு வருசம் அண்ணே. நான் உப்புதான் கொறையுதோன்னு கூட்டிக் கூட்டிப் போட்டேன்."

நான் சொன்ன பொய்யால் அவன் ஊரைவிட்டுப் போவான் என்பதுவரைதான் யோசித்திருந்தேன். போகுமுன்பே அந்த வீட்டில் அது என்ன செய்துவிட்டது என்று யோசிக்கவே இல்லை.

"என்னத்துக்குலே?" என்றான் நாயகம். அதுவரை உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தான்.

"பருப்புன்னு சொன்னா நீ என்ன கேப்ப? சரின்னு வச்சிருவ. எனக்கு வாரத்துக்கு அந்த ஒரு போன்தான் வரும்."

அவன் கையில் இருந்ததைத் தின்று முடித்தான். "ஆறுது, தின்னு," என்றான். இரண்டாவது தட்டு சூடாக வந்தது. நன்றாகவே இருந்தது. மொறுமொறுப்பும் மல்லி வாசனையும். தோகாவில் பேருந்து ஜன்னலுக்கு எட்டடி தூரத்தில் அது இருந்திருக்கிறது. நான் முதன்முதலாக அதைச் சாப்பிட்டது சங்கரன்கோவிலில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு.

ஞாயிறு காலை ஒன்பதரை மணி. வீட்டு வாசலில் வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தான். பின்தட்டில் நசுங்கிய பிச்சிப்பூ இன்னும் ஒட்டியிருந்தது.

"வேண்டாம்னு சொல்லிருடா. சாவி இன்னும் உன் கையிலதான் இருக்கு," என்றேன்.

"பூச்சந்தையில வழியனுப்புத மாலையே போட்டுட்டானுவ மக்கா. ஆளுயரச் சம்பங்கி மாலை. அதைப் போட்டுக்கிட்டு மறுவாரம் அதே வண்டிய எடுத்துட்டுப் போயி நின்னா என்ன சொல்லுவானுவ?"

"மாலைக்கென்ன, மறுநா வாடிரும். அவனுவளும் மறந்துருவானுவ," என்றாள் பேச்சியம்மாள் உள்ளேயிருந்து.

பத்து மணிக்குப் பனவடலிசத்திரத்திலிருந்து ஆள் வந்தார். சாவி கைமாறியது. வண்டி தெருமுனையில் திரும்பும்போது நாயகம் பழக்கத்தில் இரண்டடி முன்னால் போய்ப் பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று பார்த்துக் கைகாட்டினான்.

சுற்றுப்பாதையில் இருந்த தற்காலிகப் பேருந்து நிலையத்துக்கு இருவரும் என்னோடு வந்தார்கள். திருநெல்வேலிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வண்டி பதினொன்றே காலுக்கு. அதற்குக் காத்திருந்த அரைமணி நேரத்தில் தோகாவை முதன்முறையாக உள்ளபடி சொன்னேன். மேல்கட்டில் கேட்காதே, வெயிலில் தகரக்கூரை தலைக்கு நேரே இருக்கும். பெட்டிக்கு நல்ல பூட்டு வாங்கு. கட்டிலைச் சுற்றி மறைக்க ஒரு பழைய சேலையும் கயிறும் எடுத்துப்போ. மூன்றரைக்கே எழுந்தால் குளியலறையில் வரிசை இருக்காது. பாஸ்போர்ட்டை நகல் எடுத்து இவளிடம் கொடுத்துவிட்டுப் போ. பேச்சியம்மாள் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். சேலை என்றதும் எந்தச் சேலை என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

ஃபலாஃபெல்லைப் பற்றிச் சொன்ன நாட்களில் நாயகம் வாக்கியத்துக்கு ஒரு கேள்வி கேட்பான். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. பேருந்து வந்து, நான் படியில் காலை வைத்தபிறகு மட்டும் கேட்டான்.

"மக்கா, நான் வெள்ளிக்கிழமை கூப்பிட்டா எடுப்பியா?"

மாநிலத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன் நான். அவனுக்கும் அது தெரியும்.

"எடுப்பேன்," என்றேன்.

நான் சொன்னதையெல்லாம் தேன் உட்பட நம்பியவன் அவன். இதை நம்பினானா என்று பார்ப்பதற்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே குனிந்து பார்த்தேன். அவன் அந்தக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.