வண்டிக்குப் புதுத் தரை

எங்கள் பிக்கப் வண்டியை நான் ஓட்டத் தொடங்கியது ஆசைப்பட்டு அல்ல. சோலூரில் எங்களுக்குக் காரட்டும் பீட்ரூட்டும் போடுகிற கொஞ்சம் நிலம் இருக்கிறது. விளைந்ததை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோவது என் கணவரின் வேலை. ஒரு மழைக்காலத்தில் காரட் கழுவுகிற இடத்தில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துச் சரிசெய்தார்கள். நடக்க முடிந்தது. ஆனால் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிக்க அந்தக் கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வைத்து ஓட்டிப் பார்த்தோம். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "நீ ஓட்டு அம்மிணி. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அப்படித்தான் நாற்பதைத் தாண்டிய பிறகு நான் லைசென்ஸ் எடுத்தேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு, யாரிடமும் சொல்லவில்லை, ரொம்பப் பிடித்துப்போனது. காலையில் ஊட்டியைத் தாண்டி, கோத்தகிரி வழியாகத் தேயிலைக்கு நடுவே இறங்கும்போது, பின்னால் இருக்கிற அத்தனை காரட் மூட்டையும் என் கைக்குள் அடங்கி வருவதுபோல் இருக்கும்.

வண்டி பழையது. இடது கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். வைப்பர் தன் இஷ்டத்துக்கு நிற்கும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது தரைதான். மழை பெய்தால் உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் வரும். ரப்பர் மேட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு லைனிங் இருந்தது. அது வந்த தண்ணீரை எல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும். மிதித்தால் சளக் சளக்கென்று சத்தம் வரும். எங்கள் ஊர்க் குளிரில் அது காய்வது எப்போது? சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அழுகின முட்டைக்கோஸ் வாசம் வேறு. கணவர் பழைய சாக்குகளை விரிப்பார். சாக்கும் நனையும். அதற்கு மேல் இன்னொரு சாக்கு.

"இந்தத் தரைய மாத்திப்போடலாமுங்க" என்று நான் கேட்கும்போதெல்லாம், "மழை நிக்கட்டும்" என்பார். எங்கள் ஊரில் மழை நிற்பதற்குக் காத்திருந்தால் எதுவுமே நடக்காது.

ஒருநாள் கோத்தகிரிக்குக் கீழே, முழு லோடோடு இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி இறங்கி நின்றுவிட்டது. பிரேக் கெட்டுப்போனால் கால் தரை வரைக்கும் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது எதன் மேலோ இடித்து நின்றது.

"ஏனுங்க, பிரேக்கு எறங்க மாட்டேங்குது!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ரெண்டாவது கியர் போடு. ஹேண்ட் பிரேக்க மெதுவா இழு" என்று சொல்லிக்கொண்டே என் முழங்காலுக்குக் கீழே குனிந்துவிட்டார். வண்டி உறுமியது. எதிரே ஒரு பஸ் வந்தது. நான் ஓரமாக ஒட்டி, மலைப்பக்கத்துச் சாக்கடையில் இடது சக்கரத்தை இறக்கி உரசவிட்டேன். கீழே அவர் எதையோ பிய்த்து இழுப்பது தெரிந்தது. திடீரென்று பிரேக் முழுதாக இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. அவர் தலை டேஷ்போர்டில் இடித்த சத்தம் கேட்டது.

நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் கிழிந்த மேட் துண்டு, அதன் அடியில் சொட்டச் சொட்ட லைனிங். எல்லாம் சுருண்டு நகர்ந்துபோய் பிரேக்குக்கு அடியில் திண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவர் நெற்றியில் புடைத்திருந்த இடத்தை நான் தேய்த்துவிட்டேன். பெடல்களுக்கு அடியில் தளர்ந்திருந்த மேட்டை முழுக்கப் பிய்த்துப் பின்னால் எறிந்துவிட்டு, மெதுவாக இறங்கி, லோடைப் போட்டுவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "வித்துப்போடலாம் அம்மிணி. வேணாம் இந்த வண்டி."

"நீங்க என்னைய வேணா வித்துக்கங்க, வண்டிய விக்க உட மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி, அப்ப தரையப் போட்டுருவோம்" என்றார்.

மறுநாளே வீட்டுக்குப் பக்கத்தில் சீகை மரத்தடியில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். சீட்டு போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. டீசலை ஊற்றி ஊறவிட்டு, ஸ்பானரை அவர் பிடிக்க, அதன் மேல் நான் ஏறி நின்று திருகினோம். சீட்டை வெளியே எடுத்ததும் உள்ளே ஒரு தனி உலகமே இருந்தது. ஒற்றைச் செருப்பு, கோவையில் படிக்கிற எங்கள் மகள் சின்ன வயதில் தொலைத்துவிட்டு அழுத கிளிப், எப்போதோ கொட்டிய பச்சைப் பட்டாணி. அந்தப் பட்டாணியில் ஒன்று ஈரத்தில் முளைத்து, வெளிச்சமே படாமல் வெள்ளை நூல் மாதிரி சீட்டுக்கு அடியில் ஒரு முழம் ஓடியிருந்தது. "நெலத்துல போட்டது மொளைக்கல. இது பாரு" என்றார் அவர்.

என் பக்கத்தில் மிச்சமிருந்த மேட்டைத் தூக்கியபோது தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது. குதிகால் வைக்கிற இடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அடியில் புல் தெரிந்தது.

அவர் பக்கத்தில் தகரம் நன்றாகவே இருந்தது. ஆனால் மேட்டில் ஓர் இடம் தேய்ந்து, ரப்பர் போய், துணி தெரிந்தது. அந்தப் பக்கம் பெடல் எதுவும் கிடையாது. காலை நீட்டி உட்காருகிற இடம்.

"இங்க எப்படிங்க தேஞ்சுது?"

அவர் மேட்டைப் பார்த்தார். பிறகு சீகை மரத்தைப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கும்."

"எலியா? குதிகால் அச்சு தெரியுது பாருங்க."

வலது காலின் அச்சு. நான் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பஸ் எதிரே வரும்போதும், அவர் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"உன்னைய நம்பாம இல்ல அம்மிணி" என்றார் மெதுவாக. "காலு அதுவா போகுது."

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட 'மெதுவாப் போ' என்று அவர் சொன்னதில்லை. 'பாத்து' என்று சொன்னதில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தேயிலையைப் பார்த்தபடி, ரேடியோ கேட்டுக்கொண்டு வருவார். எனக்கு வருகிற பயத்தை எல்லாம் காட்டாமல் ஓட்டுவதாக நான் நினைத்திருந்தேன். அவர் என்னைவிட நன்றாக மறைத்திருக்கிறார்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு உடனே புதுத் தரையைப் போட்டுவிட ஆசை. நான் விடவில்லை. பெடல்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். அவர் வெளியே நின்று குடத்திலிருந்து முன்கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினார்.

"வருதா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க. இன்னுங் கொஞ்சம் கீழ ஊத்துங்க, வைப்பர்கிட்ட."

அவர் குடத்தையே கவிழ்த்துவிட்டார். ஒரு வினாடி ஒன்றும் இல்லை. அடுத்த வினாடி பனிக்கட்டி மாதிரி தண்ணீர் என் முகத்திலேயே கொட்டியது. நான் போட்ட சத்தத்தில், பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா மண்வெட்டியோடு ஓடிவந்துவிட்டார்.

"வந்துருச்சு போல" என்றார் என் கணவர், அக்காவைப் பார்த்து.

வைப்பருக்குக் கீழே காற்றுப் போகிற சல்லடை ஒன்று இருக்கிறது. தினமும் நாங்கள் வண்டி நிறுத்துகிற சீகை மரத்தின் பொடி இலைகள் அதற்குள் விழுந்து மட்கி, தண்ணீர் வெளியேறுகிற வழியை அடைத்திருந்தன. கரண்டியால் சுரண்டி எடுத்தோம். ஒரு ரோஜாச் செடிக்குப் போடலாம், அவ்வளவு நல்ல எரு. நிழலுக்காக நிறுத்திய மரம்தான் இத்தனை நாளும் என் காலை நனைத்திருக்கிறது. அன்றைக்கே வண்டிக்கு வேறு இடம் பார்த்தோம்.

தகரம் வைத்து அடைக்க ஊட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. என் சீட்டை மட்டும் மாட்டி ஓட்டினேன். ஓட்டை வழியாகச் சாலை ஓடுவதைப் பார்க்கக் கூடாது என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும் கண் அங்கேதான் போனது. அவர் பஸ்ஸில் வந்து எனக்கு முன்னால் பட்டறை வாசலில் நின்றிருந்தார். அவ்வளவு மெதுவாக வந்திருக்கிறேன். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, பெயின்ட் பூசிக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து மார்க்கெட்டில் சீட் கவர் தைக்கிற பாய் கடைக்குப் போனோம். தண்ணீர் குடிக்காத கனமான ரெக்சின் சுருள்களை எடுத்துப் போட்டார்.

"கருப்பு போட்டுக்கங்கக்கா. சேறு பட்டாலும் தெரியாது."

"தெரியணும் பாய். தெரிஞ்சாத்தான் இவரு கூட்டுவாரு" என்றேன்.

என் கணவருக்குக் கருப்புதான் பிடித்தது. நான் செங்கல் நிறத்தைக் காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, "நம்ம மண்ணு கலரு. இதுலயும் சேறு தெரியாது" என்று மகிழ்ச்சியாக ஒத்துக்கொண்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ரெக்சின் எங்கள் ஊருக்கு வந்ததும் குளிரில் விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் போட்டு இளக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். சோலூரில் அந்த வாரம் வெயில் எங்கே இருந்தது? ஒருநாள் வெளிச்சம் வந்ததும் ஓடிப்போய் விரித்தோம். மடிப்பு நீங்குவதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. கடைசியில் குளிக்கத் தண்ணீர் காயவைக்கிற அடுப்பைப் பற்றவைத்து, அண்டா நிறைய வெந்நீர் போட்டு, மேலே ஊற்றி ஊற்றி வழிக்குக் கொண்டுவந்தோம்.

அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரை மேல் விரித்து, வளைவுகளை எல்லாம் நான் கத்தரித்து வைத்திருந்தேன். ஆக்சிலேட்டர் தரையோடு பிடித்திருக்கும். அதற்கு ஒரு வெட்டு வேண்டும். ரெக்சினின் முதுகுப் பக்கம் தாளை வைத்துக் கோடு போட்டு அவர் வெட்டினார். அழகாக, பொறுமையாக வெட்டினார். தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்குள் விரித்தோம். எல்லாம் சரியாகப் பொருந்தியது, ஒன்றைத் தவிர. ஆக்சிலேட்டர் வெட்டு இடது பக்கம், அவர் காலடியில் இருந்தது. முதுகுப் பக்கம் வைக்கும்போது தாளைத் திருப்பிப் போட வேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

அவர் முகம் விழுந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது: "பரவால்லீங்க. இத்தன நாளு பிரேக்கு மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப ஆக்சிலேட்டருக்கும் எடம் உட்டாச்சு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெட்டிய துண்டையே அங்கே பசை போட்டு ஒட்டினோம். சரியான பக்கத்தில் புதிதாக வெட்டினோம். ஓரங்களுக்குப் பட்டை வைத்துத் திருகி, நகரவே முடியாதபடி இறுக்கினோம். பிரேக்கை அவரே கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், எத்தனை தடவை என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வந்த முதல் லோடு நாளில் நல்ல மழை. ஊட்டி தாண்டும் வரை நான் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. அவரோ கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டினார். அன்று பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கிற அந்த அக்காவும் எங்களோடு வந்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் தங்கையைப் பார்க்கப் போகிறவரைச் சோலூர் முக்கில் ஏற்றிக்கொண்டோம். ஏறும்போதே என் கணவர், "அக்கா, புதுத் தரைங்க, பாத்து" என்று சொல்லியிருந்தார். அக்கா தரையைப் பார்த்துப் பார்த்து வியந்தபடி நடுவில் உட்கார்ந்து வந்தார்.

கோத்தகிரியில் டீ குடிக்க நிறுத்தினோம். அக்கா இறங்கப் போனவர் காலைக் கீழே வைக்காமல் படியிலேயே நின்றார்.

"என்னுங்கக்கா?"

"ஏம்மிணி, செருப்ப அங்கயே உட்டுட்டேன்."

"எங்க?"

"சோலூர் முக்குல. உங்கூட்டுக்காரரு சொன்னாரா, ஊட்டுக்குள்ள வர்ற மாதிரி வெளியவே கழட்டி வெச்சுட்டு ஏறிட்டேன்."

டீயை வண்டிக்கே வாங்கிவந்து கொடுத்தோம். மேட்டுப்பாளையம் கடைவீதியில் என் கணவர் அவருக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினார். சாயங்காலம் திரும்பி வரும்போது, மழையில் ஊறி, பழைய ஜோடியும் சாலையோரம் வரிசையாக அப்படியே இருந்தது. அக்கா இறங்கிப்போய்த் தண்ணீரை உதறிவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, புதுச் செருப்போடு வீட்டுக்கு நடந்தார்.