ஜெசிந்தா அக்கா முகத்துல விழுந்த புள்ளி

எங்க வீட்டுக்காரருக்குப் பேருதான் தைரியராஜ். ஒரு சின்னக் கேமராவைச் சுத்தம் பண்றதா வேணாமான்னு முடிவெடுக்க முடியாம, மூணு வாரமா பொன்மலைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பஸ் ஏறி இறங்கிட்டு இருக்காரு.

பதினாறு வருஷத்துக் கேமரா அது. சட்டைப் பையில அடங்கிடும். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில கேமரா ரிப்பேர் பண்ற ராமானுஜம் பாத்துட்டு, "உள்ள தூசி போயிருக்கு சார். முழுசாப் பிரிச்சாத்தான் எடுக்க முடியும். ஆயிரத்தெண்ணூறு ஆகும்"னாராம். அதே மாடல் பழசு ஆயிரத்தைந்நூறுக்கே கிடைக்குதாம்! சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நான் சொன்னேன்.

"அப்ப வேற வாங்கிடலாமா?"

"வாங்குங்க."

"அதுலயும் தூசி இருந்தா?"

இப்படிக் கேட்டா மனுஷி என்னதான் பதில் சொல்றது?

அந்த ராமானுஜமாவது ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைக்கணும்ல? "பிரிச்சா தூசி போயிடும். ஆனா பழைய லென்ஸ், திரும்ப மாட்டினா ஓடும்னு கேரண்டி தர மாட்டேன். பிரிக்காம விட்டாலும் நிழல்ல எடுத்தா தெரியாது, வெயில்ல எடுத்தாதான் தெரியும். அப்புறம் உங்க இஷ்டம்." இவரு வீட்டுக்கு வந்து, கொடியில காயற என் சேலையை நிழல்ல ஒரு படம், வெயில்ல ஒரு படம்னு எடுத்துப் பாத்தாரு. நிழல்ல சுத்தமா இருக்கு. வெயில்ல, வலது பக்கம் மேல, ஓரம் மங்கின கருப்புப் புள்ளி. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு மறுபடியும் உக்காந்துட்டாரு.

நானும் திட்டிப் பாத்தேன். ஆனா அந்தப் புள்ளி இவரை ஏன் தூங்க விடலைன்னு எனக்குத் தெரியும்.

இவரு ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். இவரு செக்‌ஷன்ல யார் ரிட்டயர் ஆனாலும் மாலை போட்டு, மேளத்தோட வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவாங்க. வாசல்ல புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து நிக்கணும். அந்தப் படத்தை எடுக்கறது இவரு. ஒரே ஒரு படம். "நூறு எடுத்தா ஒண்ணையும் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்"பாரு. பிரிண்டு போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொடுப்பாரு. பொன்மலையில எத்தனையோ வீட்டு ஹால்ல இவரு படம்தான் தொங்குது.

மார்ச் மாசம் அருள்நாதன் அண்ணன் ரிட்டயர் ஆனாரு. இவரோட இருபத்தெட்டு வருஷம் பக்கத்துல நின்னு வேலை பாத்தவரு. அன்னைக்குக் காலையில இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? கேமரா அழுக்கா இருக்குன்னு ஒர்க்‌ஷாப் காத்துக் குழாயால ஒரு ஊது ஊதிட்டாரு! ஷிப்ட் முடிஞ்சா சட்டை, செருப்பு, டிபன் பாக்ஸ் எல்லாத்தையும் அதாலதான் ஊதிப் பழக்கம். வெளிய கிடந்த தூசி அந்த வேகத்துல உள்ள பூந்திருச்சு.

சாயங்காலம் நல்ல வெயில். அண்ணனோட சம்சாரம் ஜெசிந்தா அக்கா கூச்சப்பட்டுக்கிட்டே வந்து அவரு பக்கத்துல நின்னாங்க. பசங்க எல்லாம் போனைத் தூக்கினாங்க. "போனையெல்லாம் உள்ள வைங்கப்பா, குறுக்க வராதீங்க"ன்னு இவரு அதட்டிட்டாரு. அண்ணன் காதுல என்னமோ சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரிச்சாங்க. அப்ப எடுத்தாரு.

பிரிண்டு வந்தா, புள்ளி அக்கா முகத்துலயே விழுந்திருக்கு. சிரிப்பே காணோம். "பரவாயில்லப்பா, இன்னொரு நாள் எடுத்துக்கலாம்"னாங்க அக்கா. மே மாசம் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உயிரோட திரும்பல. ஸ்டூடியோக்காரன் ஒருத்தன் புள்ளியை அழிச்சு, கம்ப்யூட்டர்ல வாய் வரைஞ்சு கொடுத்தான். அண்ணன் பாத்துட்டு, "இது யாரு?"ன்னு கேட்டாரு.

நேத்து அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரு. துணிப்பையில புள்ளி விழுந்த அந்தப் படம், ஃபிரேமோட இருந்துச்சு. "தைரியம், கேமராவைச் சுத்தம் பண்ணப் போறியாமே? பண்ணா, இதுவும் தெளிஞ்சிருமாடா?"

இவரு "இல்லண்ணே"ன்னு சொல்றதுக்குள்ள அழுதுட்டாரு.

"தெரியும்டா. இருந்தாலும் கேட்டுப் பாத்தேன்"னு அண்ணன் ஃபிரேமைத் திரும்பப் பையில வச்சாரு. அப்புறம், "வர்ற முப்பத்தொண்ணாம் தேதி நீ ரிட்டயர் ஆகறியே, உன் படத்தை யாரு எடுக்கறா?"ன்னாரு.

ஊருக்கெல்லாம் எடுத்த மனுஷனுக்கு எடுக்க ஆள் இல்லைன்னு எனக்கும் அப்பத்தான் உறைச்சுது.

"சுத்தம் பண்ணிக் கொண்டா. நான் எடுக்கறேன்."

"எனக்கு எதுக்குண்ணே படம்?"

"உனக்கு யாருடா எடுக்கறா? தங்கச்சிக்கு எடுக்கறேன். ஒண்ணு இல்ல, பத்து எடுப்பேன். ஒண்ணுல முகம் போனாலும் இன்னொண்ணுல இருக்கும்ல."

போன்லயே எடுக்கலாமேண்ணேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

இன்னைக்குக் காலையில ஆயிரத்தெண்ணூறையும் நானே கையில கொடுத்து இவரை பஸ் ஏத்தி விட்டேன். அது தண்டச் செலவா, நல்ல செலவான்னு இப்பவும் எனக்குப் புரியல. திரும்ப மாட்டினா கேமரா ஓடுமான்னும் தெரியல. அதெல்லாம்கூடப் போகட்டும். முப்பத்தொண்ணாம் தேதி வாசல்ல மாலையோட நிக்கறப்ப, அண்ணன் கேமராவைத் தூக்கி "சிரி தங்கச்சி"ன்னு சொன்னா, அவரு முகத்தைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சிரிப்பேன்?