அப்பா ஏறாத லோரி

பள்ளி விடுமுறையில், நான் வேலை செய்யும் பள்ளியில் ஆசிரியர்களுக்கு நான்கு நாள் வரலாற்றுப் பயிலரங்கு வைத்தார்கள். ஜப்பான்காரன் காலம், சயாம் ரயில் பாதை, போருக்குப் பிந்திய வேலைநிறுத்தங்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டது எல்லாம் பேசினார்கள். நான் அங்கே பொதுப் பணியாளர். நாற்காலி போடுவதும் கூட்டுவதும் தேநீர் கலக்குவதும் என் வேலை. ஐந்தாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டவள். விடுமுறையில் பேச்சுத் துணையே இல்லாமல் நாள்கள் போகும். அதனால் ஆட்கள் வருகிறார்கள் என்றதும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் நாள் நான் தட்டோடு பின்வரிசையில் நின்றபோது, பயிலரங்கை நடத்திய பேராசிரியர் அம்மா, ரயில் பாதை போட ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் வேண்டும் என்று ஜப்பான்காரன் எண்ணிக்கை சொல்வான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யாரை அனுப்புவது என்று, தொழிலாளர்களை வேலை வாங்கும் மண்டோர்தான் கைகாட்ட வேண்டியிருக்கும்.

"நம்மாளே நம்மாளக் காட்டிக் குடுத்திருக்கான் பாருங்க" என்றார் ஓர் ஆசிரியர்.

"நல்லவேள, எங்க தாத்தா சாதா பால்மரம் வெட்டுனவரு. தப்பிச்சேன் லா!" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கறிபாப் பலகாரத் தட்டை அவரிடம் நீட்டினேன்.

என் தாத்தா மண்டோர்.

மூன்றாம் நாள் ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழக வேண்டும். ஓர் ஆசிரியை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டதால், செரண்டாவிலிருந்து வந்த இளம் ஆசிரியருக்கு ஜோடி இல்லை. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, வாங்க. நீங்கதான் என் ஆளு."

"ஐயோ, எனக்கு என்ன சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரியலன்னா இன்னும் நல்லது. கேள்வி கேட்டுக் கேட்டு நான் பழகிக்குவேன் லா."

நூல்நிலையத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு நடுவில் வைத்தார். கையில் கேள்வித்தாள் இருந்தது. பஞ்ச காலத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். அப்பா சொன்னபடி, மரவள்ளிக்கிழங்கைத் துருவி, காய வைத்து, சோற்றுக்குப் பதிலாகத் தின்றதைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என் முகத்தைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"உங்க குடும்பத்துல யாராச்சும் சயாமுக்குப் போனாங்களா?"

"இல்ல சார். யாரும் போகல."

தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"ஏன் போகலன்னு கேக்க மாட்டீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஜப்பான்காரன் கேட்ட எண்ணிக்கையில் கடைசியாக ஓர் ஆள் குறைந்தது. களத்தில் பதினேழு வயதில் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் என் அப்பா. மற்றவர் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த ஒரு விதவையின் ஒரே மகன். இருவரும் சிநேகிதர்கள். தாத்தா அந்தப் பையனைக் கைகாட்டினார். லோரி புறப்பட்டது. அவர் திரும்பி வரவே இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கும்போது, அப்பா எப்போதும் ஒரு சட்டை கூடுதலாக வாங்கி வைப்பார். பதினேழு வயதுப் பையனின் அளவு. அண்ணன்மார் அதைப் போட மறுத்துவிடுவார்கள். யாருக்கு என்று நான் சிறு வயதில் கேட்டபோதுதான் அப்பா இதைச் சொன்னார். அப்பா போனபின் அந்தச் சட்டையை நான்தான் வாங்குகிறேன். அண்ணன்மார் ஜொகூரில் இருக்கிறார்கள். அதெல்லாம் எதற்கு இன்னும் என்பார்கள்.

"அவரு போனதாலதான் சார் நான் இருக்கேன். அவரு பேர யாராச்சும் நாலு பேரு முன்னால சொல்லணும்" என்றேன். சொல்லிவிட்டு, நானே அந்தப் பெயரையும் அவருடைய அம்மாவின் பெயரையும் சொன்னேன்.

ஆசிரியர் கை நீட்டிப் பதிவை நிறுத்தினார். 

"அக்கா, அவங்க வீட்டுல இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"அவரோட அக்கா மக இருக்காங்க. சுங்கை பஞ்சாங்ல."

"மண்டோர் தன் மகன வச்சுக்கிட்டு அவர அனுப்புனது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியல."

"நாளைக்கு இந்தப் பதிவ எல்லார் முன்னாலயும் போட்டுக் காட்டணும். உங்களுக்குச் சம்மதம் சரி. அவங்களுக்கு?"

 இத்தனை வருடமும் அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தேன். அது அவர்கள் வீட்டுப் பெயர் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் ஆசிரியர்மேல் கோபம் வந்தது. தேநீருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் மண்டபத்தில் மரவள்ளிக்கிழங்குப் பகுதியை மட்டும் போட்டுக் காட்டினார். வெளியே கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு என் குரல் கேட்டது. கை தட்டினார்கள். மாலையில் எல்லாரும் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் நாற்காலிகளை அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை எடுத்துக்கொண்டு சுங்கை பஞ்சாங் போனேன். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல். அந்த அம்மாவைக் கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததும் நகர்ந்துவிடுவேன். இப்போது அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீ மண்டோர் வீட்டுப் பொண்ணுதானே? என்ன இவ்ளோ தூரம்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார். "எங்கம்மா சொல்லியிருக்காங்க. பாட்டி களத்துல உங்க தாத்தா கால்ல விழுந்துச்சாம். அது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அப்பா அதைச் சொல்லவில்லை.

"உங்கப்பா எத்தன வயசு வரைக்கும் இருந்தாரு?"

"எழுபத்தி நாலு, அக்கா."

அவர் கீரைத் தண்டுகளைத் தனியாக ஒதுக்கினார். நான் பயிலரங்கைப் பற்றிச் சொல்லி, அவர் மாமாவின் பெயரைச் சொல்லலாமா, எங்காவது எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"நடந்தத சொல்லு. சொல்ல வேண்டியதுதான். மாமா பேரு மட்டும் வேணாம். எங்க வீட்டுல நாங்க சொல்லிக்கிறோம். மண்டோர் வீட்டுக் கதையில அவரு பேரு வர வேணாம்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேனா தெரியாது. வயல் பாதையில் திரும்பி வரும்போது, மோட்டாரில் தனியாக இருக்கும் தைரியத்தில், அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

அந்த அம்மா சொன்னபடியே, நடந்ததை எழுதிவிட்டேன். பெயரை எழுதவில்லை.