பச்சை ரப்பர் பேண்ட் மாவு

இட்லி மாவு விற்பவளின் பிழைப்பு புளிப்பை நம்பியது. கூடினாலும் புகார், குறைந்தாலும் புகார். வீட்டில் அரைத்துக் கடைக்குப் போடுகிற உங்களுக்கு இது தெரியும். ஆனால் நான் சொல்லப்போவது ஒரு ஆராய்ச்சி பற்றி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஐந்து

கவிதா என்ற பெண், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மைன்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். பிஎச்.டி. படிக்கிறாள். சின்னத் தொழில்களில் தரத்தைப் பார்த்துக்கொள்வதற்கும், சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் கொடுத்த பேப்பரில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும்; ஐந்து என்றால் குறையே இல்லை.

என் மாவில் முக்கால்வாசி போவது பக்கத்து பிளாக் ராஜவேலு கடைக்கு. குறைவாகப் போட்டு அது அவர் காதுக்குப் போய், மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக் கொடுத்தேன். கவிதா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இப்படிப் போட்டா ஒங்க பேப்பரைத் தூக்கிப் போட்டுருவாங்க. ஒரு குறையாவது சொல்லுங்க."

அடியில் கிடந்தது

சரி என்று ஒரு குறையைச் சொன்னேன். சில பாக்கெட்டுகள் உப்பிப் புளித்துத் திரும்பி வருகின்றன, காரணம் தெரியவில்லை. மறுநாள் அவளும் என்னோடு கடைக்கு வந்தாள்.

தினமும் காலையில் கடை ஃப்ரிட்ஜில் அடுக்குவது நான்தான். நேற்று மிஞ்சியதன் மேலேயே இன்றைய மாவை வைப்பேன். அவர் மேலிருந்து எடுத்து விற்பார். அடியில் இருப்பது அடியிலேயே கிடக்கும். இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை. ராஜவேலு சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க மாவு அடியில மூச்சு விட்டுகினு கெடக்குதுக்கா. நான் அங்க கைய வுட்டா மேல இருக்கிறது சரியும்."

சிவப்பு யாருக்கும் வேண்டாம்

கவிதா வழி சொன்னாள். ஒரு நாள் பச்சை ரப்பர் பேண்ட், மறுநாள் சிவப்பு. பழைய நிறத்தை மேலே வைத்து முதலில் விற்க வேண்டும். ஒரு வாரம் ஒரு பாக்கெட்கூடத் திரும்பவில்லை. நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

அதற்குள் பிளாக் பெண்கள் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மதுரைக்காரம்மா ஒருவர் சிவப்பு பாக்கெட்டைத் தள்ளிவிட்டு, "இன்னைக்குப் பச்சைதானப்பா? இதை உன் பொண்டாட்டிக்குக் குடு" என்றாராம். எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ராஜவேலு போன் செய்தார், இந்த முறை சிரிப்பில்லை: "இப்படியே போனா நான் கம்பெனி மாவு எறக்கிடுவேங்க, கோச்சிக்காதீங்க."

நான்கு போதும்

இரண்டு நாள் கடையில் எத்தனை பாக்கெட் விற்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு, ஒரு நாளில் என்ன விற்கிறதோ அதை மட்டும் அரைக்க ஆரம்பித்தேன். சாயங்காலமே போய், மிஞ்சியதை நானே எடுத்து வந்துவிடுகிறேன். சீக்கிரமே தீர்ந்துபோகிறது என்று இப்போது காலையிலேயே வந்து வாங்குகிறார்கள். கம்பெனி மாவுப் பேச்சை ராஜவேலு எடுப்பதில்லை.

கவிதா மறுபடி பேப்பரோடு வந்தபோது, ஐந்து போட மனம் வந்தது. ஆனாலும் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நான்கோடு நிறுத்தினேன். அவள் பேப்பரை மடித்துக்கொண்டே, "இப்பதான்க்கா நம்புற மாதிரி இருக்கு" என்றாள்.

பத்திரமாக இருக்க நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான்: எல்லாப் பாக்கெட்டுக்கும் பச்சை ரப்பர் பேண்ட், மைன்ஸிலிருந்து எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் என் வீட்டுக்காரருக்கு மிஞ்சிய மாவில் ஊத்தப்பம்.