நிறம் இறங்காத டீ

மலை ஏறுவதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம் இருப்பதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். பொய் இல்லை. குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருந்தது, தேயிலை ஃபாக்டரி மேட்டில் இருந்தது. தினமும் காலையில் ஏறினேன், சாயங்காலம் இறங்கினேன். அதைத் தாண்டி எந்த மலையையும் நான் ஏறியதில்லை. எங்கள் எஸ்டேட்டில் காரியமில்லாமல் மலை ஏறுகிறவர்கள் இரண்டே வகை: விருந்தாளியாக வந்த துரைமார்கள், ஆட்டைத் தொலைத்தவர்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. குமுளிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் உதவி டீ மேக்கர். தூள் எப்படி வரவேண்டும் என்று தீர்மானிக்கிறவர் டீ மேக்கர். தூள் அப்படி வராதபோது ஏச்சு வாங்குகிறவன் உதவி டீ மேக்கர். எங்கள் டீ மேக்கர் ஓய்வு பெறும் நேரம். அந்த நாற்காலி எனக்கா, துரையின் மச்சினனுக்கா என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. மச்சினனுக்கு டீயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் அக்காவுக்குத் துரையைப் பற்றி எல்லாம் தெரியும்.

துரை என்றால் எஸ்டேட் மேனேஜர்; வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய் வெகு நாளாயிற்று. இவர் கோட்டயம் பக்கத்துக்காரர். போனவர்களிடமிருந்து தொப்பியையும் நாயையும் கோபத்தையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் பேப்பரில் ஒரு விளம்பரம். மதராஸில் ஏதோ மலையேற்றச் சங்கம் இமயமலைக்கு ஆள் சேர்த்தது. வழிகாட்டி உண்டு, சமையல்காரர் உண்டு, சுமைகாரர்கள் உண்டு, அனுபவம் தேவையில்லை, நல்ல உடம்பு போதும். கல்யாணப் பந்திக்குக் கூப்பிடுவது போல இருக்கிறதே என்று நான் ஆபீஸில் சத்தமாக வாசித்துச் சிரித்தேன். உள்ளே இருந்த துரைக்குக் கேட்டுவிட்டது.

"டோ, நீ போகணும்" என்றார். "உச்சியில நின்னு நம்ம டீ குடிக்கற மாதிரி ஒரு போட்டோ. அடுத்த வருஷம் காலண்டர் அதாக்கும். கலர் போட்டோ, கேட்டோ? டீயோட நிறம் தெரியணும். சங்கத்துக்கு அபேட்சை எழுதித் தா, லீவு நான் சாங்ஷன் ஆக்கறேன். போட்டோ கொண்டு வந்தா டீ மேக்கர் நீதான்."

மச்சினனை ஏன் அனுப்பவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மனைவியின் தம்பி உயிரோடு திரும்ப வேண்டும் என்ற கவலை யாருக்கும் இருக்கும்.

என் மனைவி ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்துக்காரர் மகள். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மார்கழியில குளிக்கிறதுக்கு ரெண்டு அண்டா வெந்நி கேக்குற ஆளு, பனியில போயி நிக்கப் போறீகளாக்கும்!" என்றாள். ஆனாலும் சாமான் கட்டிக் கொடுத்தாள். அதில் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் முடிந்த ஒரு துணி முடிச்சும் இருந்தது. நானும் அதைப் பத்திரமாகப் பனிப்பாறை வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். மலை என்றால் அட்டை இருக்கும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

நானாக எடுத்துவைத்தது ஒன்றே ஒன்று: டீ ருசி பார்க்கிற வெள்ளைப் பீங்கான் கோப்பை. கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்தேன். புறப்பட்ட அன்று பெரட்டுக் களத்தில், காலையில் பேர் வாசிக்கிற இடத்தில், கொழுந்து எடுக்கிற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஐயா, அங்க கொழுந்து எடுக்க ஆளு வேணுமின்னா ஒரு தந்தி அடிங்க" என்றாள் ஒருத்தி. களமே சிரித்தது. நான் வீரன் போல நின்றேன்.

மலையின் பெயரை எழுத மாட்டேன். அதற்கு மானம் இருக்கும். நாங்கள் ஆறு பேர். தலைவர் ஒரு வங்கி அதிகாரி. ரயிலில் மதராஸிலிருந்து அடிவாரம் வரைக்கும் எப்படித் தலைமை தாங்குவது என்று பேசிக்கொண்டே வந்தவர், பதிமூன்றாயிரம் அடிக்கு மேல் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகாமிலும் போனதும் கூடாரத்தில் படுத்துவிட்டார். வழிகாட்டி ஒரு ஷெர்பா. குள்ளமான மனிதர், அளந்துதான் பேசுவார். "மெதுவாக" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே எங்களை இரண்டு வாரம் நடத்தினார்.

சமையல்காரரும் ஷெர்பாதான். நாற்பது வயது இருக்கும். பனிக்கட்டியை உடைத்து, உருக்கி, அந்தத் தண்ணீரில்தான் சோறும் டீயும். ஒரு பானை தண்ணீர் உருக ஒரு மணி நேரம் பம்பு ஸ்டவ் இரைய வேண்டும். அந்த நாட்களில் நான் அவரை 'அவன்' என்றுதான் நினைத்தேன், பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். எழுதுவதற்கு என்ன செலவு?

கடைசி முகாமுக்கு ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடியலில் உச்சி. வழிகாட்டி சுமைகாரர்களைக் கூட்டிக்கொண்டு மேலே கயிறு கட்டப் போனார். நான் போட்டோவுக்கு ஒத்திகை பார்க்க நினைத்தேன். எங்கள் எஸ்டேட் தூளைச் சமையல்காரரிடம் கொடுத்துப் பால் சேர்க்காமல் ஒரு டீ போடச் சொன்னேன். கொண்டுவந்தார். வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது.

பதினாறு வருடப் பழக்கம் விடுமா? ஃபாக்டரியில் செய்வது போலவே ஒரு வாய் சத்தமாக உறிஞ்சினேன், நாக்கில் சுழற்றினேன், பனியில் துப்பினேன். ருசி பார்க்கிறவன் விழுங்கக் கூடாது, அது எங்கள் தொழில் முறை. அவருக்கு அது தெரியாது. ஒரு மணி நேரம் உருக்கிய தண்ணீர் பனியில் போய்க் கிடந்ததை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணீர் கொதிக்கவில்லை" என்றேன், பரீட்சைக்குப் படித்த இந்தியில்.

அவர் மூடியைத் திறந்து காட்டினார். தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அது போதவில்லை. டீயைப் பார்த்துத் தண்ணீரின் யோக்கியதையைச் சொல்கிறவன் நான். என் கண்ணைவிட அந்தப் பானை பெரியதா? கொதிக்காத தண்ணீரைக் கொதித்ததாகக் காட்டி எண்ணெயை மிச்சம் பிடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். எஸ்டேட் ஸ்டாஃபின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். கூடையில் எடை கூடினால் கொழுந்தை நனைத்திருக்கிறாள், குறைந்தால் சோம்பேறி. நமக்குக் கீழே இருக்கிறவர்கள் எதைச் செய்தாலும் அதில் ஒரு திருட்டு இருக்கும்.

தலைவரின் கூடாரத்துக்குப் போய், "மண்ணெண்ணெய் திருடுகிறான்" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "கீழே அனுப்பிவிடுங்கள், சத்தம் போடாதீர்கள்" என்றார். அவ்வளவுதான் விசாரணை. சமையல்காரர் ஸ்டவ்வைத் துடைத்து, தீப்பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஸ்டவ் என் ராஜ்யம். பம்பு அடித்தேன். கொதிக்கவிட்டேன். தூளைப் போட்டு ஆறு நிமிடம் மூடி வைத்துத் திறந்தேன். வைக்கோல் தண்ணீர். இன்னும் கொதிக்கவிட்டேன். தூளை மாற்றினேன், இரட்டிப்பாகப் போட்டேன். கசப்பு ஏறியது, நிறம் ஏறவில்லை. சாயங்காலம் வரை உறிஞ்சினேன், துப்பினேன். என்னைச் சுற்றிப் பனியில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுகள். நாற்காலி என்னை விட்டு நழுவி மச்சினனிடம் போவது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் வேகமாகப் பம்பு அடித்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வழிகாட்டி திரும்பி வந்தார். ஸ்டவ்வைப் பார்த்தார். எண்ணெய் டின்னைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தம் வரவில்லை.

"சமையல்காரன் எங்கே?" என்றார். சொன்னேன். டீ நிறம் இறங்காத கதையையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. இங்கே யார் போட்டாலும் டீ இப்படித்தான்."

இது எனக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கிய பாடம். மார்க் வாங்கியதோடு அதன் உபயோகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அத்தனை வெட்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

எண்ணெய் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாமல் யாரும் மேலே போகக் கூடாது என்றார் வழிகாட்டி. விடிந்ததும் ஆறு பேரும் உச்சிக்கு முதுகைக் காட்டி இறங்கினோம். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. இவ்வளவு நல்ல நாள் இந்தப் பருவத்தில் வந்ததே இல்லை என்று வழிகாட்டி ஒரே ஒரு முறை சொன்னார்.

அடிவார முகாமில் சமையல்காரர் எல்லோருக்கும் டீ வைத்திருந்தார். என் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் துப்புவதற்கு இடம் விட்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் முழுவதையும் குடித்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பதினாறு வருடத்தில் எனக்குக் கீழே இருந்த யாரிடமும் நான் அதைச் செய்ததில்லை. வாய் திறந்தது, ஏப்பம்தான் வந்தது.

துரை என்னைத் திட்டவில்லை. அவர் காரியக்காரர். "அங்கே எடுக்கலைன்னா இங்கே எடுக்கலாம்" என்றார். எங்கள் எஸ்டேட்டிலேயே பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில், செடிகளுக்கு மேலே இருக்கிற மொட்டைப் பாறையில், மஞ்சு இறங்கிய ஒரு காலையில், கம்பளிக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக என்னை நிறுத்தினார்கள். கையில் வெள்ளைக் கோப்பை. டீ நல்ல செம்பு நிறம். மச்சினன்தான் போட்டோ எடுத்தான்.

காலண்டர் வந்தது. இமயத்தின் உச்சியில் எங்கள் தேநீர் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் பெரட்டுக் களத்தில், தந்தி அடிக்கச் சொன்னாளே, அவளே கேட்டாள்: "ஐயா, அம்புட்டு உசரத்துலயும் நம்ம பதினாலாம் நம்பர் பாறை மாதிரியே ஒண்ணு கெடக்கே?" தினமும் அந்தப் பாறையில்தான் அவள் கூடையை இறக்கி வைப்பாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். அது சிரிப்பைவிட மோசம்.

அந்த வாரமே மதராஸ் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். சமையல்காரர் திருடினார் என்று தலைவர் அறிக்கையில் எழுதிவிட்டாராம். திருடவில்லை என்கிறாராம் வழிகாட்டி. நடந்ததை நான் எழுதித் தந்தால்தான் அடுத்த வருடம் சமையல்காரருக்கு வேலை, இல்லையென்றால் இனி எந்தக் குழுவிலும் சேர்க்க மாட்டார்களாம்.

நான்கு வரி எழுதினால் போதும். எண்ணெயை எரித்தது நான், யாரும் உச்சிக்குப் போகவில்லை. துரையிடம் காட்டினேன். "காலண்டர் எல்லா ஊருக்கும் போயாச்சு. நீ என்ன எழுதப் போறே?" என்று கேட்டுவிட்டு நாயைத் தடவினார். மனைவியிடம் காட்டினேன். "எழுதிப் போட்டா கை ஒடிஞ்சா போயிரும்? அந்த மனுசனுக்கும் பிள்ளகுட்டி இருக்குமில்ல?" என்றாள்.

நான் எழுதவில்லை. டீ மேக்கர் ஆனேன்.

கடிதம் ஃபாக்டரியில் என் மேசை மேலேயே கிடந்தது. நாளைக்கு எழுதலாம் என்று தினமும் அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். ஒரு நாள் ருசி பார்க்கும்போது கை தட்டிக் கோப்பை அதன் மேல் கவிழ்ந்தது. துடைப்பதற்குள் எழுத்தெல்லாம் ஊறிப் போயிற்று. நிறம் மட்டும் அருமையாக இறங்கியிருந்தது.