‘வழக்கு’ என்ற சொல்லும் தங்கையின் வீடும்

நீதிமன்றத்தில் அவளை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். மொழிபெயர்ப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் வைத்தவர்கள் அந்த அர்த்தத்தில் வைக்கவில்லை. ஒரு தீர்ப்பில் ‘கூடும்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்று அடித்திருந்ததை நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்டியபோது, தலைமை எழுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அகராதி பிடிச்சவ” என்றார். நாளடைவில் பின்பாதி உதிர்ந்து போயிற்று. அவளும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய ஊரை ஒட்டி ஓர் ஆறு. இக்கரை ஒரு நாடு, அக்கரை வேறு நாடு. முந்நூறு வருடத்துக்கு முன்னால் இரண்டு கரையும் ஒரே ராஜாவின் கீழ் இருந்தன. பேச்சு இன்றைக்கும் ஒன்றுதான். பிற்பாடு கப்பலேறி வந்த இரண்டு பேரரசுகள் அடித்துக்கொண்டு, ராஜாவின் வாரிசை உட்காரவைத்து ஓர் உடன்படிக்கை எழுதி, ஆற்றையே கோடாக வைத்துப் பங்கு பிரித்துக்கொண்டன. அவர்கள் மூட்டை கட்டிப் போயும் எழுபது வருடமாகிறது. கொடி மாறியது, தபால் தலையில் இருந்த முகம் மாறியது. சட்டப் புத்தகம் மட்டும் அவரவர் விட்டுப்போனபடியே இரண்டு கரையிலும் நின்றுவிட்டது.

அகராதிக்கு ஒரே தங்கை, தையல்காரி. அக்கரையில் பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அங்கே குடியுரிமை வேண்டுமானால் இங்கே இருக்கும் குடியுரிமையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். கல்யாணக் களையோடு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிள்ளை இல்லை என்ற ஒன்றைத் தவிரக் குறை சொல்ல எதுவும் இல்லை. மெக்கானிக் தன் கையாலேயே கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுத்து மூன்று அறை வீடு கட்டினார். வெளிச்சம் வரும் முன்னறை தங்கையின் தையல் இயந்திரத்துக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் ஜாக்கி நழுவி, பேருந்து அவர் மேல் இறங்கியது.

துக்கம் கேட்க வந்தவர்களின் செருப்பு வாசலில் இருக்கும்போதே சட்டம் உள்ளே வந்துவிட்டது. அக்கரைச் சட்டத்தில், பிள்ளையில்லாமல் இறந்தவனின் வீடு அவன் உடன்பிறந்தவனுக்கு. இக்கரையில் அதே நிலையில் இருக்கும் பெண்ணைச் சாகும்வரை யாரும் வீட்டைவிட்டுக் கிளப்ப முடியாது. ஆற்றின் அகலம் அரை மைல்கூட இருக்காது.

கொழுந்தனைக் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒற்றை அறையில் மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடியவர். அண்ணனுக்காகத் தேம்பித் தேம்பி அழுதவர். வீடு தன் பெயருக்கு வந்தாலும் பின்னறையில் அண்ணி காலம் முழுக்க இருக்கலாம், அதை எழுதியே தருகிறேன் என்றார். தங்கை சம்மதிக்க இருந்தாள். அகராதிதான் தடுத்தாள். பின்னறைக்குக் கையெழுத்துப் போட்டால் முழு வீட்டின் மேலுள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும், கொஞ்சம் பொறு என்றாள்.

ஏனென்றால் அவளுக்கு ஒரு சந்தேகம். ஒரே ராஜா, ஒரே உடன்படிக்கை. சட்டம் மட்டும் எப்படி இரண்டானது? நீதிமன்றத்தின் பழைய ஆவண அறையில் மதிய உணவு இடைவேளைகளில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். ராஜாவின் காலத்துச் சட்ட ஏட்டில், ‘கொண்டவன் போயினும் குடியிருந்தாள் போகாள்’ என்று ஒரு வரி கிடைத்தது. பிறகு உடன்படிக்கையின் ராஜமொழிப் படி கிடைத்தது. அதன் ஏழாவது விதி ஒரே வரி: ‘குடிகளின் வழக்கு முன்போலவே நடக்கும்.’

இரண்டு பேரரசுகளின் மொழிபெயர்ப்புகளையும் தேடி எடுத்து அந்த வரியோடு ஒப்பிட்டாள். இக்கரைப் பேரரசின் மொழிபெயர்ப்பாளன் ‘வழக்கு’ என்பதைப் பழக்கவழக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தான். அதனால் இங்கே வந்த நீதிபதிகள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, ராஜா காலத்து வழக்கங்களையே சட்டமாக எழுதி வைத்தார்கள். அக்கரை மொழிபெயர்ப்பாளனோ அதை நீதிமன்ற வழக்கு என்று எடுத்துக்கொண்டான். அன்று அக்கரையில் நிலுவையில் இருந்தவை நாற்பத்தொரு வழக்குகள். ஒன்பது வருடத்தில் அவை முடிந்தன. ஏழாவது விதிக்கும் அத்தோடு வேலை முடிந்தது. மிச்சத்துக்குத் தங்கள் தாய்நாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த நாட்டில் வீடு ரத்தத்தின் வழியே போகும், தாலியின் வழியே போகாது.

யார் செய்தது சரி? அதற்கும் அவளிடம் விடை இருந்தது. அதே உடன்படிக்கையின் ஒன்பதாவது விதியில், நீதிமன்ற விவகாரங்களைச் சொல்ல வரும்போது ராஜாவின் எழுத்தன் ‘நிலுவை வழக்குகள்’ என்று தனியாக எழுதியிருந்தான். அப்படியானால் ஏழாவது விதியில் இருப்பது பழக்கவழக்கம்தான். அக்கரையில் யாரோ ஒருவன், அவளைப் போல ஒரு மேசையில் உட்கார்ந்து, அவசரத்திலோ அரைகுறை அறிவிலோ ஒரு சொல்லைத் தப்பாகப் பெயர்த்துவிட்டான்.

தங்கைக்காக அமர்த்திய அக்கரை வக்கீல், ராஜமொழிப் படியையும் அக்கரை மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க சொல்றது சரிதாம்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

அவர் ஏன் பயந்தார் என்பது ஆறு வருடம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. வழக்கு நடந்த அந்த ஆறு வருடமும் தங்கை முன்னறையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அகராதி சாட்சிக் கூண்டில் ஏறினாள். நீதிபதி, அவள் வயதுப் பெண்மணி, ஏழாவது விதியை மூன்று முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்க மொழிபெயர்ப்பு தப்புன்னு சொல்றீங்க.”

“ஆமாங்கம்மா.”

“எத்தனை வருஷமா தப்பு?”

“நூத்தி எண்பத்திரெண்டு வருஷமாங்க.”

“அப்போ இந்தக் கரையில கைமாறின வீடு முக்காவாசி தப்பாத்தான் கைமாறியிருக்கு. நான் குடியிருக்கிற வீடும் அதுல ஒண்ணு.”

அதைக் கேள்வி என்று அகராதி நினைக்கவில்லை.

தீர்ப்பு முப்பத்தொரு பக்கம். இருபத்தேழாம் பக்கம்வரை அவள்தான் ஜெயித்தாள். மொழிபெயர்ப்பு பிழையானது, மனுதாரரின் தமக்கை அதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கிறார், அவருடைய உழைப்பை இந்த நீதிமன்றம் பாராட்டுகிறது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அகராதி அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். இருபத்தெட்டாம் பக்கத்தில், அந்தப் பிழையை நம்பி ஆறு தலைமுறை வாங்கியும் விற்றும் பிரித்தும் வாழ்ந்துவிட்டதால், அதை இனித் திருத்தினால் நாட்டில் ஒரு சுவர்கூட நிற்காது என்று இருந்தது. மனு தள்ளுபடி.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது மட்டுமானால் தேவலை. பின்னறையாவது கிடைக்குமா என்று வக்கீல் கேட்டுப் பார்த்தார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு, மூத்த மகளும் மருமகனும் அதில் குடிவரப் போகிறார்கள் என்றார். வெளிநாட்டில் பிறந்த பெண்ணுக்குக் கணவனும் பிள்ளையும் வீடும் இல்லையென்றால் அக்கரையில் குடியுரிமை தங்காது என்று வேறொரு பிரிவு இருந்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. ஒரு பெட்டியும் கத்தரிக்கோலுமாகத் தங்கை பாலத்தைத் தாண்டி வந்தாள்.

மறுநாளே அகராதி அவளைக் குடியுரிமை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அதிகாரி பொறுமையானவர். சட்டப் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். தானே எழுதிக்கொடுத்துத் துறந்த குடியுரிமையை மீண்டும் பெற இயலாது. அந்தப் பிரிவை அகராதிக்கு மனப்பாடமாகத் தெரியும். பதினாலு வருடத்துக்கு முன்னால் பெயர்த்தது அவள்தான். அப்படியும் தன் அலுவலகம் போய் மூலத்தை எடுத்து அந்த ஒரு சொல்லைச் சரிபார்த்தாள். ‘இயலாது’ என்பதற்குப் பதிலாக வேறெதையாவது போட இடமிருக்கிறதா என்று அரைமணி நேரம் தேடினாள். இடமில்லை. சரியாகத்தான் பெயர்த்திருந்தாள். தலையை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில், அக்கா தங்கை இருவரும் வாழ்ந்தார்கள். சண்டை என்று ஒன்று வந்ததில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை, குரலை உயர்த்தாமலே, “அந்தப் பின்னறையில காலைல நல்லா வெயில் வரும்க்கா” என்றாள்.

“நான் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“தெரியும்க்கா. அதான் உன்மேல கோவம்கூட வரமாட்டேங்குது.”



அகராதி இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். அந்தத் தீர்ப்பை இரண்டு கரையிலும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். பேச வரச் சொல்லிக் கடிதம் போட்டார்கள், அவள் போகவில்லை. தங்கைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கும் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். இருவரும் காலையிலேயே போய், காவல் அலுவலகத்தின் இரும்பு பெஞ்சில் உட்காருவார்கள். படிவத்தில் ‘திரும்பிச் செல்லும் நாள்’ என்று ஒரு கட்டம் உண்டு. தங்கை அதை நிரப்புவதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தர் ஏதோ ஒரு தேதியைத் தானே எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிடுவார்.