கொசு பிடிக்கிற பிராங்கிளின்

வலது கால் ஆக்ஸிலேட்டரில், இடது கை பாட்டுச் செட்டின் வால்யூம் குமிழில், கண் இரண்டும் இறுக மூடியபடி. பேகம்பூர் சாலையோரம் நிற்கும் ஏதோ ஒரு பழைய காருக்குள் பிராங்கிளின் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் திகைத்து நின்றுவிடுவார்கள். மனிதருக்கு மயக்கமா, இல்லை ஜெபம் செய்கிறாரா என்று தெரியாது. எஞ்சின் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். கிட்டே போய்த் தோளைத் தொட்டால் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "செத்த நேரம் பொறுங்க. கண்ண மூடுனாத்தான் நமக்குக் காது தொறக்கும்."

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்துச் செய்த இரண்டு கொக்கிகள் இருக்கும். கம்பெனி வைத்து அனுப்பிய ஸ்டீரியோவை டேஷ்போர்டிலிருந்து ஒரு கீறல் விழாமல் உருவுவதற்கு அவைதான் சாவி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் அவற்றை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறார் என்பது வீட்டம்மாவின் நெடுநாள் குறை. வயரை ஈயம் வைத்து ஒட்டும்போது நாக்கு நுனி தானாக வெளியே வரும், வேலை முடிந்ததும் தானாக உள்ளே போகும். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தால் எந்தச் செட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் அணைத்துவிட்டு, டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவர் செய்வது ஒரே ஒரு வேலைதான். பத்துப் பதினைந்து வருடத்துக் கார்களில் கம்பெனி செட்டு இருக்கும். ரேடியோ பாடும், சிடி பாடும், செல்போனைச் சொருகத்தான் இடம் இருக்காது. மற்ற கடைகளுக்குப் போனால் "இதத் தூக்கிக் கடாசிட்டு டச் ஸ்கிரீன் போடுங்க சார்" என்பார்கள். பிராங்கிளினுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "செட்டுக்கு என்ன கேடு? கல்லு கணக்கா இருக்கு. உள்ள போறதுக்கு வாசல்தான் இல்ல. வாசல் வச்சுட்டாப் போச்சு" என்பார். செட்டைப் பிரித்து, சிடியிலிருந்து பாட்டு வருகிற தடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே மெல்லிய வயர் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டி, அதன் மறுமுனையைச் சாம்பல் கிண்ணக் குழிக்குள் கொண்டுவந்து ஒரு சின்னத் துளையாக முடிப்பார். போன் வயரை அதில் சொருகினால் போதும். சிடிதான் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டு செட்டு போனில் உள்ளதைப் பாடும். அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், மருமகளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் தோற்றுப்போவார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிடி பாடுவதாகச் செட்டு நினைக்க வேண்டுமானால் உள்ளே ஒரு சிடி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அதில் சத்தமும் இருக்கக் கூடாது. அதனால் எழுபது நிமிடமும் வெறும் மௌனம் பதிந்த சிடி ஒன்றைத் தாமே தயார் செய்து, மேலே மார்க்கர் பேனாவால் 'சும்மா' என்று எழுதிக் கொடுப்பார். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் தங்கமுத்து, வாசல் வைத்துக்கொண்டு போன நாலாம் நாளே திரும்பி வந்து நின்றார். "செட்டு பாட மாட்டேங்குதுங்க." பார்த்தால் உள்ளே சிடியைக் காணோம். "அது வெறும் சிடிதானங்க? போட்டுப் பாத்தேன், ஒரு வார்த்தை பாடல. கிளி வெரட்டத் தோப்புல கட்டித் தொங்கவிட்டுட்டேன்." பிராங்கிளின் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு சிடி கொடுக்கிறார். ஒன்றில் 'சும்மா' என்றும் இன்னொன்றில் 'தோப்புக்கு' என்றும் எழுதியிருக்கும்.

ஆனால் பிராங்கிளினுக்கு இந்த ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தது வாசல் இல்லை, கொசு. போனை வண்டியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு செட்டிலும் சொருகினால், எஞ்சின் ஓட ஓட ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மேலே ஏறும், காலை எடுத்தால் இறங்கும். காதோரம் கொசு சுற்றுவது போலவே இருக்கும். டைனமோ பண்ணுகிற சேட்டை அது. எர்த் வயரைச் சரியான இடம் பார்த்து முடுக்கினால்தான் போகும். பாட்டை உரக்க வைத்து அதை அமுக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. பிராங்கிளின் பாட்டே போட மாட்டார். "பாட்டுப் போட்டா எந்தச் செட்டும் நல்லாத்தான் இருக்கும். சும்மா இருக்கையில கேக்கணும்" என்பார். கொசு போனால்தான் வண்டிச் சாவி சொந்தக்காரர் கைக்கு வரும். அந்த ஒரு பிடிவாதத்தை நம்பித்தான் நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள்.

இந்தக் கொசுவோடு பதினோரு வருடமாகப் பகை வைத்திருக்கிறவர் மாயம்மாள். பிராங்கிளின் கார்களை நிறுத்தும் இடத்துக்கு நாலடி பின்னால், சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கூடை மல்லிகை, ஒரு டப்பாத் தண்ணீரில் ஊறும் வாழைநார். அவ்வளவுதான் மாயம்மாளின் பூக்கடை. விரல் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கொசு கத்தினால் மட்டும் விரல் நின்றுவிடும். "அண்ணே, கத்துது. காதுக்குள்ள வந்து கொடையுது. அந்தச் சனியன நிறுத்துங்கண்ணே." பிராங்கிளின் "இந்தா ஆச்சு தாயி" என்பார். இறங்குவார், ஒரு போல்ட்டைக் கழற்றுவார், வேறொன்றில் முடுக்குவார், ஏறி மிதிப்பார். மாயம்மாளின் வாய் அடங்கும். பிறகு இருவருக்குமாக ஒரே டீக்கடையிலிருந்து டீ வரும், வீட்டில் இன்று சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இதில் விசேஷமாக ஏதோ நடக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

போன பங்குனியில் மாயம்மாள் மகளின் பேறுகாலத்துக்காகப் பழநிக்குப் போனார். பன்னிரண்டு நாள் கடை இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் பிராங்கிளின் கை வைத்த வண்டிகளில் மூன்று திரும்பி வந்தன. தொழிலுக்கு வந்த பதினெட்டு வருடத்தில் நடக்காத காரியம். முதலில் வந்த இரண்டு பேரையும் "ஒங்க சார்ஜர் மட்டம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாவதாக, சனிக்கிழமை வந்த கௌசல்யா டீச்சரிடம் அது நடக்கவில்லை.

காந்திகிராமத்தில் குடியிருக்கிறவர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "கீச்சுனு ஒரு சத்தம் விடாம வருதுண்ணே. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தலைவலி வந்துருது" என்றார். பிராங்கிளின் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி மிதித்தார். ஒன்றும் இல்லை. "சுத்தமா இருக்கே டீச்சர்" என்றார். "இந்தா, இப்பக்கூடக் கேக்குதுண்ணே" என்றார் அவர். பேச்சு வளர்ந்தது. பிராங்கிளின் போனைக் குறை சொன்னார், வயரைக் குறை சொன்னார், கடைசியில் வாய் தவறி டீச்சரின் காதையே குறை சொல்லிவிட்டார்.

கௌசல்யா கோபித்துக்கொள்ளவில்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னார். தன் போனில் எதையோ திறந்து, பிராங்கிளின் வைத்த அதே வாசலில் சொருகினார். ஸ்பீக்கரில் 'கூ' என்று ஒரே சுருதியாக ஒரு சத்தம் வந்தது. "இது மெதுவா மேல ஏறிக்கிட்டே போகும். எதுவரைக்கும் கேக்குதுன்னு சொல்லுங்க." சத்தம் ஏறியது. விசிலாகி, சில்வண்டாகி, ஊசி முனை போலானது. "கேக்குது... கேக்குது..." என்று சொல்லிக்கொண்டே வந்த பிராங்கிளின் கண்ணைத் திறந்தார்.

"நிறுத்திட்டீங்களா டீச்சர்?"

"இல்லண்ணே. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

டீச்சர் முகத்தைச் சுளித்து ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "வயசானா மேல் சத்தம்தான் மொதல்ல போகும். எல்லாருக்கும் வர்றதுதாண்ணே. பேச்சுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று ஆறுதலாகவும் சொன்னார். பிராங்கிளினுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. ஆள் ஆளுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள், பல் கட்டிக்கொள்கிறார்கள், அதெல்லாம் சரி. கொசு காதில் விழாதவர் கொசுவை எப்படிப் பிடிப்பது? இனி தானும் பாட்டை உரக்க வைத்து வண்டியை அனுப்ப வேண்டியதுதானா? "வண்டிய விட்டுட்டுப் போங்க டீச்சர், பாப்போம்" என்று மட்டும் சொன்னார். மதியம் மூன்று மணிக்கே தன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்தார். கேட்ட வீட்டம்மாவிடம் வயிறு சரியில்லை என்றார்.

படுத்துக் கிடந்தவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. காது ஒரே வாரத்தில் போகாது. அப்படியானால் போன மாதமும் கேட்டிருக்காது, போன வருடமும் கேட்டிருக்காது. ஆனால் அப்போதெல்லாம் ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லையே, அது எப்படி?

திங்கட்கிழமை காலையில் பிராங்கிளின் டீச்சர் வண்டியில் ஏறி, தன் போனைச் சார்ஜரிலும் வாசலிலும் சொருகிவிட்டு, பழக்க தோஷத்தில் கண்ணை மூடி மிதித்தார். வழக்கம்போல ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீகளாண்ணே? கத்துது."

பேரனைப் பார்த்துவிட்டு வந்த மாயம்மாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார். பிராங்கிளின் காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். "கத்துதுங்கிறேன்ல" என்றார் மாயம்மாள். பிராங்கிளின் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து பூக்கூடை அருகே குத்த வைத்து உட்கார்ந்தார். மகள் எப்படி, பேரன் எப்படி என்று கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தாயி, எனக்கு அது கேக்கல."

"எது?"

"கொசுதான். எத்தன வருசமாக் கேக்கலன்னே தெரியல. நீ கத்துனா முடுக்கியிருக்கேன். நீ சும்மா இருந்தா, சரி போயிருச்சுன்னு சாவியக் குடுத்திருக்கேன். கண்ண மூடி நானாக் கேட்டுப் புடிக்கிறதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

மாயம்மாள் கையிலிருந்த சரத்தை மடியில் வைத்தார். அவர் முகத்தில் வந்தது சிரிப்பா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை. "நான் வேற ஒண்ணு நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே. ஒரு பூக்காரி சொல்றாளேன்னு மதிச்சு, எனக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் நிறுத்துறீகன்னு நெனச்சேன். எம் மககிட்டக்கூட அம்புட்டுப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்."

"ஒனக்காகவும்தான் தாயி."

"பொய் சொல்லாதீக."

இருவரும் சிரித்தார்கள். மாயம்மாளுக்குச் சிரிப்பு அடங்காமல் நார் கை நழுவி, கட்டிய பூவில் நாலு உதிர்ந்தன. பிராங்கிளினுக்கு மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. டீ சொன்னார். கூடவே வடையும் சொன்னார். திருப்பி அனுப்பிய இரண்டு பேருக்கும் போன் போட்டு, "சார்ஜர் மேல தப்பில்ல, வண்டியக் கொண்டாங்க, தப்பு எம் மேலதான்" என்றார். அன்று முழுக்க டீச்சர் வண்டியில் வேலை நடந்தது. எர்த் வயரை மூன்று இடம் மாற்றினார். சார்ஜர் வயரோடு ஒட்டிப் போன பாட்டு வயரைப் பிரித்து வேறு பக்கமாக இழுத்தார். நாக்கு நுனி வெளியே வந்தது, உள்ளே போனது.

ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு கௌசல்யா வந்தார். அந்த நேரம் பூக்கடையில் கூட்டம். முழம் வாங்க நாலு பேர் நிற்க, மாயம்மாள் தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து "கத்துது" என்று சொல்ல நேரம் இருக்காது என்பது பிராங்கிளினுக்குத் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனைச் சார்ஜரிலும் வாசலிலும் சொருகினார். 'சும்மா' சிடி உள்ளே சுற்றத் தொடங்கியது. பிராங்கிளின் கையை நீட்டி நடுக்கண்ணாடியைப் பிடித்து, பூக்கடை தெரிகிற மாதிரி திருப்பினார். கண்ணை மூடவில்லை.

மிதித்தார். கண்ணாடிக்குள் மாயம்மாளின் விரல்கள் பாதி முடிச்சில் நின்றன. பக்கத்தில் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிராங்கிளின் இறங்கிவிட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒரு போல்ட்டைத் தளர்த்தி, வயரை அதற்கு அடுத்ததில் வைத்து, பல்லைக் கடித்து முடுக்கினார். மறுபடி ஏறினார், மிதித்தார். பூ, நார், சுருக்கு. பூ, நார், சுருக்கு. இன்னும் அழுத்தி மிதித்தார். எஞ்சின் அலறியது, பூ வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போயிருச்சுண்ணே, ஒரு சத்தமும் இல்ல" என்றார் கௌசல்யா.

"செத்த நேரம் பொறுங்க டீச்சர்" என்றார் பிராங்கிளின், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாயம்மாள் முழம் போட்டு நாரை அறுத்து, பூவை இலையில் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த மல்லிகையை எடுத்துச் சுருக்கு வைத்தார். விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பிராங்கிளின் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். நடுக்கண்ணாடியை டீச்சருக்குத் தோதாகத் திருப்பி வைத்தார். அப்புறம்தான் சாவியை உருவி அவர் கையில் கொடுத்தார்.